துணுக்காயின் நீர்க்கணக்கு: மழை, கிணறு, வாய்க்கால்

வன்னிப் பெருநிலப்பரப்பின் வேளாண்மை குளத்தை மையமாகக் கொண்டது. முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய்ப் பகுதியில் பாலியாற்றை மறித்து அமைந்த தொன்மையான வவுனிக்குளம் 1950களில் புனரமைக்கப்பட்டு, அதன்கீழ்க் குடியேற்றத்திட்டம் உருவாயிற்று. வடகீழ்ப் பருவமழையே காலபோகத்துக்கு ஆதாரம். அம்மழை முடிந்தபின் குளத்தில் எஞ்சும் நீரே சிறுபோகத்துக்கு முதல். எஞ்சியது எத்தனை ஏக்கருக்குப் போதும் என்னும் வினா பொறியியல் வினா மட்டுமன்று. யார் விதைப்பது என்னும் சமூக வினாவுமாகும்.

இதற்கு விடைகாண மூன்று அளவீடுகள் வேண்டும். முதலாவது மழை. ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு ஹெக்டேயரில் 10 கன மீற்றர் நீராகும். ஆயினும் வறண்ட மண் முதலிற் பெய்வதை உறிஞ்சிக்கொள்ளுமாதலால், ஒக்டோபர் மழையும் டிசெம்பர் மழையும் அளவில் ஒத்திருப்பினும் குளத்துக்கு ஒரே அளவு நீரைத் தருவதில்லை. இரண்டாவது நிலத்தடி நீர். வன்னியின் பெரும்பகுதியில் நீர், கடும்பாறைக்கு மேலுள்ள ஆழங்குறைந்த சிதைவுப் படையிலேயே தங்குகின்றது; யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் படையின் கொள்ளளவு அதற்கில்லை. மூன்றாவது, துருசு வழியே வாய்க்காலிற் பாயும் நீர்.

இம்மூன்றையும் தனித்தனியே நோக்கின் மயக்கமே விளையும். சோளகக் காற்று வீசும் ஆடி மாதத்தில், மழையின்றியே வாய்க்காலோரக் கிணற்றின் நீர்மட்டம் உயரக்கூடும். கிணற்றை மட்டும் அளப்பவர் நிலத்தடி நீர் பெருகியதென்பார். உண்மையில் அது வாய்க்காலிற் கசிந்த குளத்து நீரே. துருசு மூடப்பட்டதும் அந்த மட்டம் தாழ்ந்துவிடும்.

நிருவாகமோ இவற்றைப் பிரித்தே வைத்துள்ளது. மழையை வளிமண்டலவியல் திணைக்களமும், பெருங்குளங்களை நீர்ப்பாசனத் திணைக்களங்களும், 80 ஹெக்டேயர் வரை பாசனம் செய்யும் சிறுகுளங்களைக் கமநல அபிவிருத்தித் திணைக்களமும், நிலத்தடி நீரை நீர்வளச் சபையும் கவனிக்கின்றன. போர்க்காலத்தில் வடக்கின் மழைப்பதிவுகள் பல இடையறுந்தன. துணுக்காய் மக்களே 2008இல் இடம்பெயர்ந்து, 2009இன் இறுதியிலிருந்துதான் மீளக் குடியமர்ந்தனர். இத்தகைய இடைவெளியுள்ள பதிவிலிருந்து பெறும் சராசரியை எச்சரிக்கையுடனேயே கையாள வேண்டும். 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் பெருவெள்ளம் ஏற்பட்டபோது, மழையையும் குளமட்டத்தையும் மணிக்கணக்கில் இணைத்துப் பார்க்கவேண்டிய தேவை தெளிவாயிற்று.

கணக்கு கடினமானதன்று. விநாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் பாயும் நீர் ஏறத்தாழ 2 ஏக்கர் அடி. எனவே விநாடிக்கு 50 கன அடி திறந்தால் 1,000 ஏக்கர் அடி நீர் பத்து நாளிற் தீர்ந்துவிடும். சிறுபோகப் பரப்பு மிகையாகத் தீர்மானிக்கப்படின், அதன் இழப்பு முதலில் வாய்க்காலின் கடைசியிலுள்ள வயலையே சேரும். துருசுக்கு அண்மையிலுள்ளவர் தம் பயிரைக் காத்துக்கொள்வர். கடைசியிலுள்ள சிறு கமக்காரரும் குத்தகைக்காரரும் கடனாளியாவர்.

ஆகவே இவ்வளவீடுகள் அலுவலகக் கோப்புகளுடன் நின்றுவிடலாகாது. போகக் கூட்டத்துக்கு முன்னரே குளமட்டம், மழை, கிணற்று மட்டம், வாய்க்காற் பாய்ச்சல் ஆகியவை ஒரே அட்டவணையில் தமிழில் கமக்காரர் அமைப்புகளுக்குக் கிடைத்தல் வேண்டும். வாய்க்காலின் தலைப்பில் மட்டுமன்றிக் கடைசியிலும் பாய்ச்சல் அளக்கப்படல் வேண்டும். அப்போதுதான் பங்கீடு நியாயமானதா என்பதைக் கடைசி வயற்காரரும் கணக்கைக் காட்டிக் கேட்க முடியும்.