வாக்கியத்துக்குள் இருக்கும் அகராதி

எல்லையோர வகுப்பறை – 11

சென்ற வாரம் 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தைப் பார்த்தோம். ஒன்றாம் வகுப்பில் தொடங்கிய அது, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலேறி 2015-16 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பைத் தொட்டது. சிறுபான்மை மொழிப் பிள்ளைகள் தேர்வில் விலக்குக் கேட்டு நீதிமன்றம் போன கதையும் நமக்குத் தெரியும். சட்டத்தை இங்கே நிறுத்திவிட்டு, இந்த வாரம் வகுப்பறைக்குள் போவோம். கையில் ஒரு சிறுகதையோடு நிற்கும் தமிழாசிரியர் அங்கே என்னவெல்லாம் செய்ய முடியும்?

பாகலூர், பேரிகைப் பக்கமிருந்து ஓசூர்ப் பள்ளிகளுக்கு வரும் பிள்ளைகளின் வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் புழங்கும். தளிப் பக்கம் போகப் போகக் கன்னடம் கூடும். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் உருது பேசும் தெருக்கள் உண்டு. சிப்காட் வந்த பிறகு சேலம், மதுரை, நெல்லை என்று பல சீமைத் தமிழர்கள் வந்து குடியேறினார்கள். இப்போது பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் குடும்பங்களும் லைன் வீடுகளில் இருக்கின்றன. இத்தனை வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே தமிழ்ப் புத்தகத்தைத் திறக்கிறார்கள்.

அந்தப் புத்தகத்தில் நல்ல கதைகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு விரிவானத்தில் கு. அழகிரிசாமியின் ‘ஒருவன் இருக்கிறான்’ உண்டு. கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலிலிருந்து ஒரு பகுதி உண்டு. ஒன்பதாம் வகுப்பில் கந்தர்வனின் ‘தண்ணீர்’. இவற்றைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்வேன். ஆனால் கதை பிள்ளையிடம் போய்ச் சேரும் வழியில்தான் தடங்கல் வருகிறது. முதலில் கரும்பலகையில் அருஞ்சொற்பொருள். அடுத்துக் கதைச் சுருக்கம். பிறகு கதைமாந்தர் பண்பு நான்கு வரி. பிறகு உரைநூலிலிருந்து ஒரு நெடுவினா விடை. கதையை முழுதாக ஒருமுறைகூட வாசிக்காமலேயே ஒரு பிள்ளை நல்ல மதிப்பெண் வாங்கிவிடலாம். வீட்டில் தமிழ் இல்லாத பிள்ளைக்கு இந்த இழப்பு இரண்டு மடங்கு. தமிழ் வாக்கியங்களுக்குள் நெடுநேரம் தங்கியிருக்க அதற்குக் கிடைக்கிற இடமே அந்தக் கதைதான்.

சொற்பொருளைப் பட்டியலாக முன்கூட்டியே கொடுப்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. தமிழ்ச் சொல் வாக்கியத்தில் பல சமயம் மூல வடிவில் நிற்பதில்லை. ‘முகத்தைச் சுளித்துக்கொண்டே’ என்று கதையில் வரும். அகராதியில் ‘சுளி’ என்றுதான் இருக்கும். வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளை அந்த வாலை வெட்டி வேரைப் பிடித்துவிடும். உருது வீட்டுப் பிள்ளைக்கு எங்கே வெட்டுவது என்றே தெரியாது. அதனால் அகராதியைப் புரட்டச் சொல்வதற்கு முன்னால் வாக்கியத்தைப் புரட்டக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

இப்படி ஒரு பகுதியை நானே எழுதிப் பார்க்கிறேன்: “மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. கன்னம் ஒட்டி, கண் குழிந்து, எலும்பும் தோலுமாகக் கிடந்தான். அந்த மெலிவைப் பார்த்த பிறகும் அவர் மனம் இளகவில்லை.” ‘மெலிவு’ தெரியாத பிள்ளையிடம் பொருளைச் சொல்லிவிடாமல், முந்திய வாக்கியத்தில் அவன் உடம்பு எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டால் போதும். பதில் தெலுங்கில் வந்தாலும் சரி, கன்னடத்தில் வந்தாலும் சரி, கையால் கன்னத்தைக் குழித்துக் காட்டினாலும் சரி. ‘அந்த’ என்ற சின்னச் சுட்டு எதைச் சுட்டுகிறது என்று கேட்டால் பாதி வழி கடந்தாகிவிட்டது. ‘பிறகும்’ என்பதில் உள்ள ‘உம்’ ஏன் வந்தது என்று கேட்டால் ‘இளகவில்லை’யும் விளங்கத் தொடங்கும். இளகியிருக்க வேண்டிய இடத்தில் இளகவில்லை என்ற குறை அந்த ‘உம்’முக்குள் இருக்கிறது. அவர் எப்படிப்பட்ட மனிதர் என்ற கதை ஆய்வும் அதே ‘உம்’மில் தொடங்கிவிடுகிறது. சொல் கற்பதும் கதையை ஆராய்வதும் வேறு வேறு பாடவேளைக்கு உரியவை என்ற எண்ணத்தை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம்.

எல்லையோரப் பிள்ளைகளுக்கு இன்னொரு கைம்முதலும் உண்டு. அவர்களின் வீட்டு மொழிகளில் தெலுங்கும் கன்னடமும் தமிழுக்கு உறவினர். பால் கன்னடத்தில் ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, பூ ஹூவு, புலி ஹுலி. தமிழில் பகரம் நிற்கும் சொல்முதலில் கன்னடத்தில் ஹகரம் வருவதைப் பத்துச் சொற்களில் கண்டுபிடித்த பிள்ளை பதினோராவது சொல்லைத் தானே திறந்துகொள்ளும். வில் பில்லு ஆவதும் வேர் பேரு ஆவதும் இதேபோல் இன்னொரு திறவுகோல். உருது வீட்டுப் பிள்ளை பழைய கதைகளில் வசூல், பாக்கி, அசல், ஜாமீன் என்று வரும்போது வகுப்பிலேயே முதல் ஆளாகக் கை தூக்கலாம். நீதிமன்றமும் கடனும் வரும் கதைகளில் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நாள் வர வேண்டும் என்பது என் ஆசை.

உறவு சில சமயம் ஏமாற்றவும் செய்யும். “அவன் அவசரமாகப் பணம் கேட்டான்” என்ற வாக்கியத்தைத் தெலுங்கு வீட்டுப் பிள்ளை வாசிக்கிறது. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. தேவை இருந்ததால் கேட்டான் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். வாக்கியமும் அதற்கு இடம் கொடுக்கும், எங்கும் இடிக்காது. அடுத்த வாக்கியத்தில் “பஸ் புறப்பட இன்னும் ஐந்து நிமிடம்தான்” என்று வரும்போதுதான் முதல் ஊகம் ஆட்டம் காணும். ஒரு வாக்கியத்துக்குப் பொருந்திய ஊகம் அடுத்த இரண்டு வாக்கியங்களுக்கும் பொருந்துகிறதா என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம்தான் இங்கே முக்கியப் பாடம். ஆசிரியர் உடனே ‘தப்பு’ என்று சொல்லிவிட்டால் பிள்ளைக்கு ஒரு சொல் மட்டும் கிடைக்கும். திரும்பிப் பார்க்க வைத்தால் வாசிக்கும் முறையே கைக்கு வரும்.

அதற்காகக் கதையைக் கையில் கொடுத்தால் சொற்கள் தாமாக ஒட்டிக்கொள்ளும் என்று நம்பிவிடவும் கூடாது. ஸ்வான்போர்ன், டி குளோப்பர் என்ற இரு நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999இல் 20 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இயல்பாக வாசித்துப் போகும் மாணவர்கள் எதிர்ப்படும் தெரியாத சொற்கள் நூற்றில் சுமார் 15ஐத்தான் பிடித்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது. 2000இல் ஹூ, நேஷன் இருவரும் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களிடம் செய்த ஆய்வு இன்னொன்றைச் சொன்னது: யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு கதை பெரும்பாலோருக்குப் போதிய அளவு புரிய வேண்டுமானால், அதில் நூற்றுக்கு 98 சொற்கள் முன்பே தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கணக்குகள் ஒட்டுநிலை மொழியான தமிழுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவை காட்டும் திசையை ஓசூர் ஆசிரியர்கள் அனுபவத்தில் அறிவார்கள். பத்துச் சொல்லுக்கு மூன்று தெரியாத பிள்ளையிடம் ‘சூழலை வைத்து ஊகி’ என்றால், ஊகிக்கச் சூழலே அங்கு இருக்காது.

ஆகவே கதையை இரண்டு முறையாவது வாசிக்க வேண்டும். முதல் வாசிப்பு ஆசிரியருடைய குரலில், நிறுத்தாமல், கதைக்காக மட்டும். வகுப்பில் யாருமே கேட்டிராத சொற்களை ஆசிரியர் போகிற போக்கில் தானே சொல்லிக் கடந்துவிடலாம். எல்லாவற்றையும் ஊகிக்க விட்டால் கதை செத்துப்போகும். இரண்டாம் வாசிப்புக்கு ஆறேழு சொற்களை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். அருகிலேயே துப்பு இருக்கும் சொற்கள், கதையின் திருப்பத்தைச் சுமக்கும் சொற்கள். ஊகத்தை நோட்டில் எழுதிய பிறகே அகராதியைத் திறக்கலாம். 1992இல் முதல் பதிப்பு வந்த ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ இதற்கு ஏற்ற துணை. பொருளோடு நிற்காமல், அந்தச் சொல் இன்றைய உரைநடையில் எப்படிப் புழங்குகிறது என்பதை எடுத்துக்காட்டு வாக்கியங்களால் காட்டும் அகராதி அது. ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் ஒரு பிரதி, பூட்டிய அலமாரியில் இல்லாமல் மேசை மேல் இருக்க வேண்டும்.

இனி ‘ஒருவன் இருக்கிறான்’ கதைக்கு வருவோம். காஞ்சிபுரத்திலிருந்து நோய்க்கு மருத்துவம் பார்க்க வந்து, உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கிறான் குப்புசாமி. பக்கத்து வீட்டுக்காரரான கதைசொல்லிக்கு அவனைக் கண்டாலே பிடிப்பதில்லை. ஒருநாள் ஊரிலிருந்து ஒருவர் வந்து, வீரப்பன் என்ற நண்பன் கொடுத்தனுப்பிய கடிதத்தையும் சிறு தொகையையும் தருகிறார். அனுப்பியவனும் ஏழை. நாதியற்றவன் என்று நினைத்த மனிதனுக்கு ஒருவன் இருக்கிறான் என்பது அப்போதுதான் கதைசொல்லிக்கு உறைக்கிறது.

இந்தக் கதையை ஓசூர்ப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம் என்று தோன்றும். ஒரே அறை உள்ள லைன் வீட்டில், பெங்களூரு ஆஸ்பத்திரிக்குக் காட்ட வந்த உறவினர் பத்து நாள் தங்குவது என்ன என்று அவர்களுக்குத் தெரியும். நைட் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா படுக்க இடமில்லாமல் உட்கார்ந்திருப்பதும் தெரியும். அந்த அறிவை வகுப்புக்குள் அழைக்கும் கேள்விகள்தான் வேண்டும். யார் இந்தக் கதையைச் சொல்கிறார்? அவர் சொல்வதை எந்த இடம் வரைக்கும் நம்பினீர்கள்? குப்புசாமியே சொல்லியிருந்தால் எந்த வரி விடுபட்டுப் போயிருக்கும்? உறவினரின் மனைவி சொல்லியிருந்தால்?

பிறகு தலைப்பு. யார் அந்த ஒருவன்? வீரப்பன் என்று பெரும்பாலோர் சொல்வார்கள், சரிதான். குப்புசாமி என்று சொல்லும் பிள்ளையை அவசரப்பட்டு உட்கார வைத்துவிடக் கூடாது. கதைசொல்லியின் கண்ணுக்கு அதுவரை குப்புசாமி ஒரு மனிதனாகவே இருந்ததில்லை. ‘மேலே ஒருவன் இருக்கிறான்’ என்று நம் பாட்டிகள் சொல்வதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை கடவுள் என்றும் சொல்லலாம். மூன்றுக்கும் கதையிலிருந்து சான்று கேட்கலாம். எந்தப் பதிலுக்கு அதிக வரிகள் துணை நிற்கின்றன என்று பிள்ளைகளே தேடட்டும். புதிய சொல் ஒன்றும் இல்லாத தலைப்பு அது, சூழல்தான் அதற்குப் பொருள் தருகிறது. தெரிந்த சொல்லுக்கும் கதை புதுப்பொருள் தரும் என்று கண்ட பிள்ளை, தெரியாத சொல்லைக் கண்டு அஞ்சாது.

தமிழ் நம் வீட்டு மொழி இல்லையே என்று கூசும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் சொல்ல வேண்டிய சில செய்திகள் உண்டு. அழகிரிசாமியும் கி.ரா.வும் இடைசெவல் என்ற ஒரே கரிசல் கிராமத்துக்காரர்கள். கி.ரா.வின் வீட்டு மொழி தெலுங்கு. கரிசல் வட்டாரத் தமிழுக்கு ஓர் அகராதியைத் தொகுத்தவர் அவர்தான். தெற்கே குடிபெயர்ந்த தெலுங்கு மக்களின் வழிவந்தவர்களைப் பற்றிய ‘கோபல்லபுரத்து மக்கள்’ அவருக்கு 1991இல் சாகித்ய அகாதமி விருது பெற்றுத் தந்தது. ஓசூருக்கு வடக்கே எல்லை தாண்டினால் மாலூர் வட்டம். அங்கே மாஸ்தி கிராமத்தைத் தன் பெயராகக் கொண்ட மாஸ்தி வெங்கடேச ஐயங்காருக்கு வீட்டு மொழி தமிழ். கன்னடச் சிறுகதையின் தந்தை என்று கன்னடர்கள் கொண்டாடுவது அவரைத்தான், 1983ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதும் அவருக்கே. இந்தப் பக்கம் ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878இல் பிறந்து, ஓசூரில் பள்ளியும் பெங்களூரில் கல்லூரியும் படித்த ராஜாஜி தமிழில் சிறுகதைகள் எழுதினார். இன்றும் ஆதவன் தீட்சண்யாவும் பா. வெங்கடேசனும் ஓசூரில் இருந்துகொண்டுதான் எழுதுகிறார்கள். எழுத்தாளர்கள் வாழும் ஊர்ப் பள்ளியில் ஒரு கதை வாசிப்புக்கு அவர்களைப் போன்றவர்களை அழைக்கப் பெரிய நிதி ஒன்றும் தேவையில்லை.

தேர்வு மாறாமல் இதெல்லாம் நடக்குமா என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். நெடுவினா கதையைச் சுருக்கச் சொல்லும்வரை சுருக்கமே படிக்கப்படும். வகுப்புத் தேர்வை வைப்பவர் ஆசிரியர் என்பதால் அங்கேயாவது தொடங்கலாம். பிள்ளைகள் பார்த்திராத அரைப்பக்கக் கதை ஒன்றைக் கொடுத்து, அடிக்கோடிட்ட மூன்று சொற்களுக்குப் பொருளை ஊகித்து, எந்தத் தொடர் அந்தப் பொருளைக் காட்டியது என்றும் எழுதச் சொல்லலாம். மதிப்பெண்ணில் பாதி அந்தத் துப்புக்கு. பொருள் தவறிப்போய்த் துப்பு சரியாக இருந்தாலும் மதிப்பெண் உண்டு. அரசின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிநிலை பிரித்து வெளியிட்ட சிறு நூல்கள் பள்ளிகளில் இருக்கின்றன. பத்தாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளைக்கு ‘நட’ நூலைக் கொடுப்பதில் வெட்கம் ஏதுமில்லை. அதில் தெரியாத சொற்கள் குறைவாகவே இருக்கும், ஊகிக்கும் பயிற்சிக்கு அதுதான் தோதான இடம். ஓசூரில் அந்தப் புத்தகங்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் ஆசிரியர்கள் கூட வேண்டும். வீட்டில் யாருக்கும் தமிழ் எழுத்து தெரியாவிட்டாலும், பிள்ளை கதையைத் தெலுங்கிலோ இந்தியிலோ அம்மாவுக்குச் சொல்லும். அப்படிச் சொல்லும்போது எந்தச் சொல்லில் தடுக்குகிறது என்று மறுநாள் ஆசிரியர் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கன்னட வழிப் பள்ளிகளுக்குப் போவோம். ஒரே பாடவேளையில் இரண்டு எழுத்துமுறைகளைக் கற்பிக்கும் ஆசிரியர்களின் வேலைச்சுமையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

(தொடரும்)