மண்ணுக்குள் எழும் சுவரின் சூடு

சுரங்க ரயில் நிலையத்துக்குப் பள்ளம் தோண்டும் முன்பே அதன் சுற்றுச்சுவரைக் கட்டி முடித்துவிடுகிறார்கள். டயாஃப்ரம் சுவர் எனப்படும் இந்த முறையில்தான் சென்னை மெட்ரோவின் சுரங்க நிலையங்களும் எழுந்தன. முதலில் ஒடுக்கமான, ஆழமான அகழி ஒன்றை வெட்டுவார்கள். மண் சரியாதிருக்க அதில் பென்டோனைட் களிமண் குழம்பு நிறைந்திருக்கும். கம்பிக்கூட்டை இறக்கி, அடிவரை நீளும் குழாய் வழியே கான்கிரீட்டை ஊற்றுவார்கள். கனமான கான்கிரீட் அடியிலிருந்து உயர உயர, குழம்பு மேலே வந்து வெளியேறும்.

வெளியேறியதா என்பதை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. கம்பிகள் நெருங்கிய இடத்திலும், ஒரு பகுதிச் சுவர் அடுத்ததோடு சேரும் இணைப்பிலும் குழம்பு தங்கிவிடுவதுண்டு. ஆம்ஸ்டர்டாமின் ஃபைசல்கிராக்ட் நிலையத்தில் 2008 ஜூனிலும் மீண்டும் செப்டம்பரிலும் சுவரில் கசிவு ஏற்பட்டு, நீரும் மணலும் உள்ளே பாய்ந்தன. தெருவோரப் பழைய வீடுகள் பல சென்டிமீட்டர் அமிழ்ந்தன.

இந்தக் குறையை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கக் கூடியது வெப்பநிலை. கம்பிக்கூட்டில் கண்ணாடி இழைக் கேபிளைக் கட்டி, அதனுள் லேசர் துடிப்புகளை அனுப்புவார்கள். இழையெங்கும் சிதறித் திரும்பும் ஒளியின் ஒரு கூறு, அந்தந்த இடத்துச் சூட்டுக்கேற்பக் கூடிக் குறையும். ஒளி திரும்ப எடுக்கும் நேரம் இடத்தைச் சொல்லும். ஆக, ஒரே கேபிள் அதன் நீளம் முழுதுக்கும் வெப்பமானியாகிறது.

குளிர்ந்த குழம்பின் இடத்தைப் புதுக் கான்கிரீட் பிடிக்கும்போது சூடு சட்டென்று ஏறும். நடுவில் ஏறியபின்னும் இணைப்போரம் ஏறாமலே இருந்தால் அங்கே சந்தேகம் தேவை. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழக ஆய்வில் இந்த வழி பரிசோதிக்கப்பட்டது. குழம்பும் கான்கிரீட்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும் வெப்ப நாடுகளில் இந்த அடையாளம் மங்கும்.

அங்கே கைகொடுப்பது அடுத்த கட்டம். சிமென்ட் நீரோடு வினைபுரிந்து இறுகும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. கான்கிரீட் பருத்த இடம் கூடுதலாகச் சூடேறும். மெலிந்த இடமும் மண் கலந்த இடமும் குளிர்ந்தே நிற்கும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அடித்தளத் தூண்களைச் சோதிக்க வளர்ந்த முறை இது. ஓடும் நிலத்தடி நீரும் சுவரைக் குளிர்விக்கும் என்பதால், வரைபடத்தை அனுபவமுள்ளவர்தான் படிக்க வேண்டும். கேபிளுக்குத் தொலைவில் உள்ள சிறு குறை தப்பிவிடவும் கூடும்.

ஆனாலும் முடிவு ஓரிரு நாளில் கிடைக்கிறது, உள்ளே தோண்டத் தொடங்கும் முன்பே. அந்த நேரத்தில் இணைப்பின் வெளிப்புற மண்ணில் சிமென்ட் கரைசலைச் செலுத்தி அடைப்பது எளிது. தோண்டியபின் அதே வேலை பலமடங்கு ஆபத்தானது.