பாயும் மனையும்

மட்டக்களப்புக்குப் போகிறவனைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்பது ஈழத் தமிழரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பேச்சு. வடக்கிலிருந்து உத்தியோகம் பார்க்க வந்தோர் சிலர் இங்கேயே பெண் கொண்டு, ஊர் திரும்பாது தங்கிவிட்டதைக் கண்டவர்கள், அதனை மந்திரத்தின் மேல் ஏற்றிச் சொன்னார்கள். மந்திரத்தைப் பற்றி நான் அறியேன். பாயைப் பற்றிச் சிறிது அறிவேன். வந்தவருக்கு முதலிற் பாய் விரித்து, வெற்றிலை வட்டாவை முன்வைத்து, அதன் பின்னரே வந்த காரியத்தை வினவுவது இவ்வாவிக் கரையின் வழக்கம். வந்தவரை ஒட்ட வைத்தது அந்த உபசாரமே என்பது என் எண்ணம்.

அத்தகைய பாய் ஒன்றை நான் சுவரில் மாட்டி வைத்திருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன், என் மனைவியின் சீதன வீட்டைத் திருத்திக் கட்டியபோது, முன்மண்டபத்தை நம் நாட்டுக் கைவினைப் பொருள்களால் அழகு செய்ய விரும்பினேன். சிவப்பும் ஊதாவுமாகச் சாயமிட்ட பன்பாய்க்குச் சட்டமடித்துச் சுவரில் ஏற்றினேன். மீன் பிடிக்கும் கரப்பு ஒன்று விளக்குக்கு மூடியாயிற்று. தயிர்ச் சட்டிகள் வர்ணம் பூசப்பெற்று வரிசையாக அமர்ந்தன. வந்தவரெல்லாம் புகழ்ந்தனர். படுவான்கரையிலிருந்து வந்த என் பெரியம்மா மாத்திரம் நெடுநேரம் சுவரையே பார்த்திருந்தார்.

"என்ன மகன், குந்துற பாயைச் சுவரில மாட்டி வெச்சிருக்காய்? மறுகா வாற ஆக்கள் எதில குந்துற?" என்றார்.

நான் நகைத்துச் சமாளித்தேன். ஆயினும் அக்கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

குளத்தோரங்களிலும் வயலை அடுத்த சதுப்புகளிலும் வளர்வது பன். அதனை அறுத்து, வெயிலில் உலர்த்தி, ஒரு பகுதியைச் சாயத்தோடு கொதிக்க வைத்து, மீண்டும் உலர்த்தி, நிறத்துக்கு நிறம் அடுக்கிப் பாய் இழைப்பார்கள். தறியில்லை, ஊசியில்லை, விரல்களே கருவி. கோலம் ஏட்டில் எழுதப்பட்டதன்று. தாயின் கையைப் பார்த்து மகளின் கை கற்றது. இப்பகுதியில் பாய் இழைப்போருட் பலர் கரையோர முஸ்லிம் ஊர்களின் பெண்கள். அவர்கள் இழைத்த பாயில் தமிழர் வீட்டுப் பிள்ளை பிறந்து, தவழ்ந்து, உறங்கிற்று. பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று இரு சமூகத்தாரின் உறவைக் கூறுவர். பாயும் மனையும் போல என்றும் கூறலாம். போர்க் காலத்தில், சிறப்பாக 1990க்குப் பின், ஊருக்கும் ஊருக்குமிடையே போக்குவரவு குன்றியபோது, இழப்புகள் பலவற்றுடன் இச்சிறு கொடுக்கல் வாங்கலும் நலிந்தது.

இங்கு மனை பெண்ணுக்கு உரியது. மகளுக்கு வீடு கொடுத்து மணமுடிப்பதே மட்டக்களப்பின் மரபு. இழைக்கும் கையும் பெண்ணுடையது. விரிக்கும் கையும் பெண்ணுடையது. இதை எண்ணாமல் சுவரையும் ஆணியையும் மட்டும் எண்ணியது என் பிழை.

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி (1877-1947) இதனை முன்னரே உணர்ந்திருந்தார். நிலவியல் ஆய்வுக்காக இலங்கையெங்கும் அலைந்த அவர், கைவினைஞரைக் கண்டு கலையின்பால் திரும்பினார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் 1908இல் வெளிவந்தது. ஆங்கில அறிஞர் வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கை அச்சியந்திரத்திலேயே அதனை அவர் அச்சிட்டார். அழகு வேறு, பயன் வேறு என்று பிரிப்பது பிற்காலத்து நோய் என்பது அவர் வாழ்நாளெல்லாம் வலியுறுத்திய கருத்து. பழைய சமுதாயத்தில் கலைப்பொருள் என்று தனியே ஒன்றில்லை; செம்மையாகச் செய்யப்பட்ட பொருளே உண்டு.

இது வெறும் தத்துவமன்று, சோற்றுப் பிரச்சினையுமாகும். சுவருக்கு ஒரு பாய் போதும்; வாங்கியவர் மறுமுறை வாங்கார். நிலத்தில் விரிக்கும் பாய் தேயும். தேய்ந்தால் இழைப்பவளுக்கு வேலை பிறக்கும். பிளாத்திக்குப் பாய் வந்தபின் அவ்வேலை சுருங்கிற்று. கல்முனைக்கு வடக்கேயுள்ள மருதமுனையின் கைத்தறியும் இவ்வாறே இன்னலுற்றது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் இறக்குமதித் துணிகள் மலிந்து தறிகள் தளர்ந்தன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் ஊரினுட் புகுந்து உயிர்களையும் தறிகளையும் வாரிச் சென்றது. அதன் பின்னும் அங்கே சாரமும் சேலையும் நெய்கிறார்கள். அந்த உறுதிக்கு நாம் செய்யத்தக்க மரியாதை, அத்துணியை உடுப்பதும் நம் சன்னலுக்குத் திரையாக இடுவதுமே.

ஆதலின் வீட்டை அழகு செய்ய விழையும் இளைஞர்க்கு என் அனுபவத்தாற் சொல்லத்தக்கவை மூன்று. ஒரே நாளில் அறையை நிரப்பாதீர்கள். வீட்டுக்குத் தேவை ஏற்படும்போது அதற்குரிய கைப்பொருளைத் தேடி வாங்குங்கள். இயன்றவரை செய்தவர் வீட்டு வாசலிலேயே வாங்குங்கள். எத்தனை நாள் வேலை என்று கேட்டால், பேரம் பேச நா எழாது. வாங்கியதை அன்றாடம் புழங்குங்கள். பனையோலைப் பெட்டியில் அரிசியும், சுளகில் காயும், மண்சட்டியில் தயிரும் இருக்கும் வீட்டுக்கு வேறு அலங்காரம் மிகுதியாக வேண்டியதில்லை.

பெரியம்மா சென்ற மறுவாரம் சட்டத்தைக் கழற்றினேன். இரண்டாண்டு வெயில் பட்டு, பாயின் சாயம் வெளிறி, பன் முறுகியிருந்தது. மடித்தபோது ஓரம் ஒடிந்தது. அதற்குப் பதிலாக, இழைத்தவரின் முற்றத்திலேயே ஒரு சோடிப் பாய் வாங்கினேன். அடுத்த முறை பெரியம்மா வந்தபோது, என் மனைவி ஒன்றை உதறி விரித்தாள். அவர் அமர்ந்து, கையால் அதனை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, வெற்றிலை வட்டாவைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். சுவரைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.