பதிமூன்று வயதில் தொடங்கிய பாலே

பாலே கற்கும் பிள்ளைகளைப் பெரும்பாலும் ஐந்து, ஆறு வயதிலேயே வகுப்பில் சேர்த்துவிடுவார்கள். எலும்பு முற்றுவதற்குள் கால்களை இடுப்பிலிருந்து வெளிப்புறமாகத் திருப்பிப் பழக்க வேண்டும். இந்தக் கணக்குப்படி அமெரிக்க நடனக்காரர் மிஸ்டி கோப்லேண்ட் பாலே பக்கமே வந்திருக்கக் கூடாது. கலிபோர்னியாவின் சான் பெட்ரோவில், ஒரு சிறுவர் மன்றத்தின் கூடைப்பந்துத் தளத்தில் நடந்த இலவச வகுப்பில் அவர் சேர்ந்தபோது வயது 13.

ஆறு பிள்ளைகள் கொண்ட குடும்பம் அது, கையில் காசில்லை. ஒரு கட்டத்தில் மோட்டல் அறைதான் வீடு. ஆனால் உடல் மட்டும் நடனத்துக்கென்றே வார்த்ததுபோல் இருந்தது. வழக்கமாகச் சில ஆண்டுகள் பழகிய பிறகே கால்விரல் நுனியில் நிற்க விடுவார்கள். மிஸ்டி மூன்றே மாதத்தில் நின்றுவிட்டார்.

2001இல் நியூயார்க்கின் அமெரிக்கன் பாலே தியேட்டரில் இடம் கிடைத்தது. இந்தக் குழுவில் மூன்று படிகள் உண்டு. கீழ்ப்படியில் இருப்பவர்கள் கூட்டமாக ஆடும் அன்னங்கள், தேவதைகள். அடுத்தவர் சோலோயிஸ்ட். உச்சியில் இருப்பவர் பிரின்சிபல். நாயகி வேடம் அவருக்கு. கூட்டத்தில் ஆடுவதுதான் சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒருவர் கை அரை அங்குலம் உயர்ந்தாலும் வரிசையே கெட்டுவிடும். காலையில் ஒன்றரை மணிநேர வகுப்பு, மாலைவரை ஒத்திகை, இரவில் மேடை. இத்தனைக்கும் அமெரிக்கக் குழுக்கள் பலவற்றில் ஆண்டு முழுவதும் சம்பளம் கிடையாது. ஒப்பந்தம் ஆண்டின் ஒரு பகுதிக்குத்தான்.

விரல் நுனியில் நிற்க அணியும் நுனிக்கால் ஷூவுக்குள் இரும்பு இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் துணியும் காகிதமும் பசையும்தான். வியர்வையிலும் அடியிலும் அது இளகிவிடும். ஒரே இரவில் ஒரு ஜோடி வீணாவதும் உண்டு. நிறம் இன்னொரு தொல்லை. வெள்ளைத் தோலுக்கு இசையும் இளஞ்சிவப்பே நெடுங்காலம் பொதுநிறமாக இருந்தது. கறுப்பின நடனக்காரர்கள் முகத்துக்குப் பூசும் பவுண்டேஷனை எடுத்து ஒவ்வொரு ஷூவுக்கும் பூசிக்கொண்டார்கள். கறுப்பினத்தவரான மிஸ்டியும் அப்படித்தான். இங்கிலாந்தின் ஃப்ரீட் நிறுவனம் பழுப்பு நிற ஷூக்களைக் கொண்டுவந்தபோது ஆண்டு 2018!

குழுவில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே மிஸ்டியின் முதுகெலும்பில் விரிசல். தாமதமாகியிருந்த பருவமாற்றம் மருத்துவர் தந்த மாத்திரைகளால் திடீரென வந்து, உடல் பூரித்தது. மெலியச் சொன்னார்கள். பெண்ணுடல் கம்பிபோல் இருந்தால்தான் கலை என்ற இந்தப் பிடிவாதம் பாலேயின் அழகல்ல, நோய். பலரும் இந்த இடத்தில்தான் ஒடிந்துபோகிறார்கள்.

மிஸ்டி தாக்குப்பிடித்தார். 2007இல் சோலோயிஸ்ட் ஆனார். 2012இல் 'ஃபயர்பேர்ட்' பாலேயில் நாயகி வேடம் கிடைத்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு வலித்துக்கொண்டிருக்க, நியூயார்க் மேடையில் ஒரு முறை ஆடி முடித்தார். பரிசோதித்தால் ஆறு விரிசல்கள். அறுவைச் சிகிச்சை செய்து உலோகத் தகடு பொருத்தினார்கள். மறு ஆண்டே மேடைக்குத் திரும்பினார்.

2015 ஜூன் 30 அன்று பிரின்சிபல் ஆனார். 1940இல் மேடையேறிய அந்தக் குழுவில் கறுப்பினப் பெண்ணொருவர் இந்தப் படியை எட்டியது அதுவே முதல்முறை. அப்போது அவருக்கு வயது 32. கீழ்ப்படியிலிருந்து மேலே வர 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. பாலேயில் முப்பதுகளின் இறுதியிலேயே ஓய்வை எண்ணத் தொடங்குவார்கள்.

உச்சிக்குப் போனாலும் பரீட்சை ஓயாது. 'ஸ்வான் லேக்' பாலேயில் கறுப்பு அன்னம் ஒற்றைக்காலில் 32 முறை சுழல வேண்டும். 2018இல் சிங்கப்பூரில் மிஸ்டியால் அதை முடிக்க இயலவில்லை. பாதியில் வேறு சுழற்சிக்கு மாறினார். அந்தக் காணொளி உலகெங்கும் பரவி, ஏளனம் குவிந்தது. தன் குறையை அவரே ஒப்புக்கொண்டு பதில் எழுதினார்.

2025 அக்டோபரில், 43 வயதில், அவர் அந்தக் குழுவிலிருந்து விடைபெற்றார். அன்று அதன் பிரின்சிபல் பட்டியலில் வேறு கறுப்பினப் பெண் எவரும் இல்லை.