பிக்சர் டியூப் இருக்கும் வரைதான் இந்த ஆட்டம்!

வேல்ஸ் நாட்டின் வடக்குக் கரையில் ஒரு பழைய கப்பல் சேற்றில் பதிந்து நிற்கிறது. பெயர் 'ட்யூக் ஆஃப் லங்காஸ்டர்'. 1956-ல் கட்டப்பட்டு, இங்கிலாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் இடையே பயணிகளைச் சுமந்த கப்பல். 1979-ல் அதைக் கரையேற்றி, பொழுதுபோக்குக் கூடமாக மாற்றினார்கள். அதுவும் நிலைக்கவில்லை. கூடத்தை மூடியபோது, காசு போட்டு ஆடும் ஆளுயர வீடியோ கேம் பெட்டிகள் டஜன் கணக்கில் உள்ளேயே தங்கிவிட்டன. கடல் காற்று, இருட்டு, துரு. ஏறக்குறைய 30 வருடம்!

2010-களின் தொடக்கத்தில் பிரிட்டனைச் சேர்ந்த ஆர்வலர்கள் சிலர் அந்தப் பெட்டிகளை விலைக்கு வாங்கி, படாத பாடுபட்டு வெளியே கொண்டுவந்தார்கள். உப்பில் ஊறிய இந்தச் சாமான்களை வைத்து என்ன செய்வார்கள்? தங்கள் வீட்டு கார் ஷெட்டில் நிறுத்தி, மாதக்கணக்கில் பழுது பார்த்து, மறுபடி ஆட வைப்பார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இது ஒரு வீட்டுப் பொழுதுபோக்கு. தபால்தலை சேர்ப்பது மாதிரிதான். என்ன, ஒவ்வொரு தபால்தலையும் நூறு கிலோ கனக்கும்!

இந்தப் பெட்டிகளின் கதை 1972-ல் சூடு பிடித்தது. அடாரி நிறுவனத்துக்காக ஆலன் ஆல்கார்ன் உருவாக்கிய 'பாங்' விளையாட்டை, கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் ஒரு மதுக்கூடத்தில் சோதனைக்காக வைத்தார்கள். சில நாட்களில் 'மெஷின் வேலை செய்யவில்லை' என்று தகவல் வந்தது. ஆல்கார்ன் போய்த் திறந்து பார்த்தால், கோளாறு எதுவும் இல்லை. காசு நிரம்பி வழிந்து அடைத்துக்கொண்டிருந்தது! அதற்குப் பிறகு 1978-ல் ஜப்பானிலிருந்து 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980-ல் 'பேக்-மேன்', 1981-ல் 'டாங்கி காங்' என வரிசை கட்டின.

ஆனால், கடைக்காரருக்கு அது ஒரு கல்லாப்பெட்டி மட்டுமே. கூட்டம் குறைந்தால் உள்ளே இருக்கும் போர்டைக் கழற்றிவிட்டு வேறு விளையாட்டை மாட்டுவார். பக்கவாட்டில் இருக்கும் அழகான ஓவியத்தின் மீது கறுப்பு பெயின்ட் அடித்துவிடுவார். தயாரித்தவர்களே அதைத்தான் செய்தார்கள். அமெரிக்காவில் விற்காமல் தேங்கிய 'ரேடார் ஸ்கோப்' பெட்டிகளுக்குள்தான் நின்டெண்டோ முதன்முதலில் 'டாங்கி காங்'கைப் புகுத்தியது. எனவே, பழைய பெட்டி ஒன்று கையில் கிடைத்ததும் பலர் செய்கிற முதல் வேலை, மேல் பெயின்ட்டைப் பொறுமையாகச் சுரண்டுவது. அடியில் அசல் ஓவியம் உயிரோடு இருந்துவிட்டால் அன்றைக்கு அவர்கள் வீட்டில் பண்டிகைதான்.

மர வேலை பெரும்பாலும் நமக்குத் தெரிந்த வேலைதான். பார்ட்டிகிள் போர்டு தண்ணீர் பட்டால் ஊதிவிடும். ஈரத் தரையில் நின்ற பெட்டிகளின் அடிப்பாகத்தை வெட்டி எடுத்து, புதுப் பலகை வைத்து, பட்டி பார்த்து, தேய்த்து, பெயின்ட் அடிக்கிறார்கள். ஓரங்களில் புது பிளாஸ்டிக் பட்டை. ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும் புதிதாகவே கிடைக்கின்றன. பெட்டியின் அடியில் யாரோ ஒரு சிறுவன் தவறவிட்ட நாணயமும் சில சமயம் கிடைக்கும்.

சிக்கலே உள்ளே இருக்கும் போர்டில்தான். வயதான கண்டென்சர்களை மொத்தமாக மாற்றியாக வேண்டும். பழைய பேட்டரி கசிந்து செம்புக் கோடுகளைத் தின்றிருக்கும். விளையாட்டு பதிந்திருக்கும் பல சிப்களின் நெற்றியில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். புற ஊதா ஒளி பட்டால் உள்ளே இருப்பது அழிந்துபோகும் என்பதால் அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அந்த ஸ்டிக்கர் உதிர்ந்து, போர்டு வெயிலில் கிடந்தால்... ஆட்டம் குளோஸ்! 90-களில் வந்த கேப்காம் நிறுவனத்தின் சில போர்டுகள் இன்னும் மோசம். திருட்டு நகலைத் தடுக்க, ஒரு ரகசியச் சாவியை பேட்டரி தயவில் வைத்திருந்தார்கள். பேட்டரி தீர்ந்தால் போர்டும் செத்துவிடும். 'தற்கொலை பேட்டரி' என்றே அதற்குப் பெயர். 2016-ல்தான் அந்தச் சாவியைத் திரும்ப ஏற்றும் வழியை ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். குப்பைக்குப் போக வேண்டிய போர்டுகள் எழுந்து உட்கார்ந்தன.

மரத்துக்கு மாற்று உண்டு, சிப்புக்கும் உண்டு. மாற்றே இல்லாதது பிக்சர் டியூப்.

நம் வீட்டு பழைய டி.வி.யில் இருந்த அதே குண்டு டியூப்தான். கலர் டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் உள்ளே பதுங்கியிருக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் பின்கதவைத் திறந்ததும், எர்த் செய்த ஸ்க்ரூடிரைவரால் அதை முதலில் வெளியேற்றுகிறார்கள். ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேலை செய்வது அவர்கள் வழக்கம். இரண்டு கைகளும் பட்டால் மின்சாரம் இதயத்தின் வழியாகப் பாயும் என்பதே காரணம். கற்றுத் தர ஆள் இல்லாமல் யாரும் கை வைக்கக் கூடாத இடம் இது.

பெரிய கம்பெனிகள் இந்த டியூபைத் தயாரிப்பதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. எனவே, யாரோ தெருவில் தூக்கிப் போட்ட டி.வி.யிலிருந்து டியூபைக் கழற்றி, அளவும் பின்களும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து மாட்டுகிறார்கள். அந்த டி.வி.களும் குறைந்துகொண்டே வருகின்றன.

எல்.சி.டி. திரையை மாட்டினால் என்ன? இந்த வட்டாரத்தின் தீராத சண்டையே இதுதான். 1997-ல் இத்தாலியின் நிக்கோலா சால்மோரியா 'மேம்' என்ற மென்பொருளை வெளியிட்டார். பழைய மெஷின்களைப் போலவே கம்ப்யூட்டரை நடிக்க வைக்கும் மென்பொருள் அது. முதல் பதிப்பில் 5 விளையாட்டுகள், இன்று ஆயிரக்கணக்கில். உள்ளங்கை அளவு 'ராஸ்பெரி பை' கம்ப்யூட்டர் 2012-ல் வந்ததும், ப்ளைவுட் வாங்கி அறுத்து, சொந்தமாகவே பெட்டி செய்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. அப்பாவும் பிள்ளையும் நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகளில் முடிக்கக்கூடிய அருமையான வேலை அது. 1980-ம் வருடத்து அசல் பெட்டியின் குடலை உருவிப் போட்டுவிட்டு உள்ளே கம்ப்யூட்டர் வைக்கும்போதுதான் மற்றவர்களுக்குக் கோபம் வருகிறது.

கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆளுயர 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டியூப் கறுப்பு-வெள்ளைதான். நிறம் தந்தவை வண்ண பிளாஸ்டிக் தாள்கள். படம் நேரடியாகத் தெரியாது. பாதி ஒளியைக் கடத்தும் கண்ணாடியில் பிரதிபலித்து, பின்னால் வரைந்து வைத்த நிலவின் மீது மிதக்கும். வேற்றுக்கிரகவாசிகள் நிஜமாகவே விண்வெளியில் இறங்குவது போல இருக்கும். மென்பொருள் விளையாட்டின் கணக்கைப் பிசகாமல் போட்டுவிடும். ஆனால் அந்த நிலவும் கண்ணாடியும் பெட்டிக்குள்தானே இருக்கின்றன?

பல வருடம் ஓடிய 'பேக்-மேன்' டியூபில் இன்னொன்றையும் பார்க்கலாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும், அந்தப் புதிர்ப் பாதையின் கோடுகள் கண்ணாடியில் மங்கலாகத் தெரியும். ஒரே படம் ஓயாமல் ஓடியதால் விழுந்த தழும்பு. சிலர் நல்ல டியூப் தேடி அலைகிறார்கள். சிலர் அந்தத் தழும்போடேயே வைத்துக்கொள்கிறார்கள்.

காசு போடாமலே ஆடும்படி மெஷினை மாற்றிக்கொள்ள வழியும் உண்டு. ஆனால் பலர் மாற்றுவதில்லை. பெட்டியின் மேலேயே ஒரு கிண்ணத்தில் சில்லறையைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வருகிற வாண்டுகள் அதில் ஒன்றை எடுத்துத் துவாரத்தில் போட்டுவிட்டுத்தான் ஜாய்ஸ்டிக்கைத் தொட வேண்டும்.