‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள்! - டீம் லீடர் ஆகப் போகிறவர்களுக்கு

நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இயங்கும் பிரவுசர், வேர்ட் பிராசசர், கேம்ஸ் என எதை எடுத்துக் கொண்டாலும், அதைத் தனி ஒருவர் எழுதியிருப்பது அபூர்வம். பலர் சேர்ந்த டீம் ஒன்றுதான் எழுதியிருக்கும். அந்த டீமை வழிநடத்துபவரே டீம் லீடர். சாப்ட்வேர் வேலையில் இருப்பவரோ, இன்ஜினியரிங் படிப்பவரோ உங்கள் வீட்டில் இருந்தால் இந்தச் சொல் அடிக்கடி காதில் விழுந்திருக்கும்.

சில வருடங்கள் நன்றாக புரோகிராம் எழுதியவரை ஒரு நாள் டீம் லீடர் ஆக்குவார்கள். அன்றே அவருடைய வேலை மாறி விடுகிறது. அதுவரை கம்ப்யூட்டரிடம் பேசியவர் இனி மனிதர்களிடம் பேச வேண்டும். நாம் சொன்னது புரியாவிட்டால் கம்ப்யூட்டர் உடனே எர்ரர் மெசேஜ் காட்டும். மனிதர்கள் அப்படியல்ல. “புரிந்தது சார்” என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்!

ஒரு சின்னக் கணக்கு

ஐ.பி.எம். நிறுவனத்தில் ஓ.எஸ்./360 என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கியவர் பிரெடரிக் புரூக்ஸ். அந்த அனுபவத்தை வைத்து 1975ல் ‘தி மிதிகல் மேன்-மன்த்’ என்ற புத்தகத்தை எழுதினார். தாமதமாகிவிட்ட ப்ராஜெக்டில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்பது அதில் அவர் சொன்ன முக்கியமான கருத்து.

காரணம் எளிது. 3 பேர் இருந்தால் அவர்களுக்குள் 3 பேச்சுவழிகள். 5 பேர் என்றால் 10. 10 பேர் என்றால் 45! ஒவ்வொரு வழியிலும் தவறான புரிதல் நுழையலாம். புதிதாக வருபவருக்குச் சொல்லிக் கொடுக்கவும் நேரம் வேண்டும்.

செவ்வாயில் நடந்தது

நாசா 1998 டிசம்பர் 11 அன்று மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலத்தைச் செவ்வாய்க்கு அனுப்பியது. 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கிய அந்தக் கலம் தொடர்பை இழந்தது.

கலத்தின் சிறு த்ரஸ்டர்கள் தரும் உந்துதலைக் கணக்கிட்ட பூமியிலிருந்த சாப்ட்வேர், விடையைப் பவுண்டு-விநாடி அளவில் கொடுத்தது. வழிகாட்டும் குழுவோ அதை நியூட்டன்-விநாடி என்று எடுத்துக் கொண்டது. இரண்டுக்கும் சுமார் 4.45 மடங்கு வித்தியாசம். சுமார் 226 கி.மீ. உயரத்தில் செல்ல வேண்டிய கலம், சுமார் 57 கி.மீ. உயரத்திற்கு இறங்கிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. நியூட்டன் அளவில்தான் வேண்டும் என்று எழுத்தில் ஏற்கெனவே கேட்கப்பட்டிருந்தது. கணக்கு ஒத்துவரவில்லை என்பதையும் வழிகாட்டும் குழுவில் சிலர் முன்பே கவனித்திருந்தார்கள். எழுதியதும் போய்ச் சேரவில்லை, சந்தேகமும் தீர்க்கப்படவில்லை. குழுக்களுக்கு இடையே தகவல் பரிமாற்றம் போதவில்லை என்று விசாரணைக் குழுவும் குறிப்பிட்டது.

என்ன செய்யலாம்?

1. கேள்வியை மாற்றுங்கள்: “புரிந்ததா?” என்பதற்கு நம் ஊரில் பெரும்பாலும் ஒரே பதில்தான். அதற்குப் பதிலாக, “என்ன செய்யப் போகிறீர்கள், சொல்லுங்கள்” என்று கேளுங்கள். என் டீமில் ஒரு ரிப்போர்ட்டில் தேதி வர வேண்டியிருந்தது. மாதிரியில் 03/04 என்று இருந்தது. இருவரிடம் திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஒருவர் ஏப்ரல் 3 என்றார், மற்றவர் மார்ச் 4 என்றார்! அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவார்கள். இரண்டு நிமிடத்தில் தீர்ந்த இந்தக் குழப்பம், புரோகிராம் எழுதிய பிறகு தெரிந்திருந்தால் இரண்டு நாள் வேலை.

2. காரணத்தையும் சொல்லுங்கள்: “இந்தப் பட்டனை இங்கே வை” என்பது உத்தரவு. “வயதானவர்களுக்குக் கண்ணில் படவேண்டும், அதனால் இங்கே வை” என்றால், எழுத்தையும் பெரிதாக்க வேண்டும் என்று அவருக்கே தோன்றும்.

3. கெட்ட செய்தியைக் கோபிக்காமல் கேளுங்கள்: “சார், ஏதோ சரியில்லை” என்று ஜூனியர் வந்தால் முதலில் நன்றி சொல்லுங்கள். ஒருமுறை எரிந்து விழுந்தால், அடுத்த முறை அவர் வரமாட்டார். பிழை மட்டும் வரும்.

4. மவுஸைப் பிடுங்காதீர்கள்: “நகருங்கள், நானே செய்கிறேன்” என்று உட்கார்ந்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அவர் எதையும் கற்றுக் கொள்ளமாட்டார். நாளையும் நீங்களே செய்ய வேண்டியதுதான்.

வீட்டிலேயே பழகலாம்

இதற்குப் பெரிய பயிற்சி வகுப்பு எதுவும் தேவையில்லை. கம்ப்யூட்டருக்குப் புதியவரான ஓர் உறவினருக்கு, இ-மெயிலில் போட்டோவை அட்டாச் செய்வது எப்படி என்று போனில் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் “இப்போது திரையில் என்ன தெரிகிறது? படியுங்கள்” என்று கேளுங்கள். நீங்கள் சொன்னதற்கும் அவர் செய்ததற்கும் உள்ள தூரம் அப்போது தெரியும். கோபப்படாமல் அந்தத் தூரத்தைக் குறைக்க முடிந்தால், டீம் லீடர் வேலையில் பாதியை நீங்கள் கற்றுக் கொண்டுவிட்டீர்கள்.