சளி, இருமலுக்கு வீட்டு வைத்தியம்: எது கைகொடுக்கும்? எதை குழந்தைகளுக்கு செய்யவே கூடாது?

மழை நின்று பனி இறங்க ஆரம்பித்தால் பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு மூக்கொழுகல், இருமல்தான். "நொச்சி இலை போட்டு ஆவி புடி, சுக்குக் காபி குடி, சரியாப் போகும்" என்பார்கள் பெரியவர்கள். இது உண்மையிலேயே பலன் தருமா?

சளி ஏன் பிடிக்கிறது?

சாதாரண சளிக்கு காரணம் வைரஸ். 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களில் தானாகவே சரியாகிவிடும். ஆன்டிபயாடிக் மாத்திரை வைரஸிடம் வேலை செய்யாது. வீட்டு வைத்தியமும் வைரஸைக் கொல்லாது. ஆனால் தொல்லையைக் குறைக்கும்.

எவை கைகொடுக்கும்?

* உப்பு நீர்: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொப்பளித்தால் தொண்டை வலி குறையும்.
* தேன்: ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகளுக்கு, படுக்கும் முன் அரை முதல் ஒரு டீஸ்பூன் கொடுத்தால் இரவு இருமல் தணியும்.
* சூடான பானங்கள்: மிளகு ரசம், தூதுவளை ரசம், சுக்குக் காபி எல்லாம் தொண்டைக்கு இதம். உடலில் நீர்ச்சத்தும் குறையாது. சர்க்கரை நோயாளிகள் தேன், கருப்பட்டி அளவைக் கவனிக்க வேண்டும்.
* ஆவி: பெரியவர்களுக்கு மூக்கடைப்பு சிறிது நேரம் விலகும். அவ்வளவுதான்.

எவை ஆபத்து?

* ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி, பச்சிளம் குழந்தைக்கு உயிராபத்தான 'பொட்டுலிசம்' நோயை உண்டாக்கலாம்.
* குழந்தைகளுக்கு கொதிக்கும் பாத்திரத்தில் ஆவி பிடிக்க வைக்காதீர்கள். பாத்திரம் சாய்ந்தால் தோல் வெந்துவிடும். அதற்குப் பதில், மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர் மூக்குச் சொட்டு போதும்.
* மூக்கில் எண்ணெய் விட்டால் நுரையீரலுக்குள் போகலாம். கற்பூரம் உடலுக்குள் போனால் குழந்தைக்கு வலிப்பு வரலாம். சிறு குழந்தைக்கு கற்பூரம் கலந்த எண்ணெயைத் தடவ வேண்டாம்.

இருமல் சிரப் கொடுக்கலாமா?

2025-ல் மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரைப் பறித்த 'கோல்ட்ரிஃப்' சிரப், நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும் 'டைஎத்திலீன் கிளைகால்' அதில் 48.6 சதவீதம் இருந்தது தமிழக அரசின் பரிசோதனையில் தெரிய வந்தது. அந்த அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை வெளியிட்ட அறிவுரை இதுதான்: 2 வயதுக்குள் இருமல், சளி மருந்து கொடுக்கக் கூடாது. 5 வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை. எனவே போன தடவை வாங்கிய பாட்டில் வீட்டில் இருக்கிறதே என்று எடுத்து ஊற்றிவிடாதீர்கள்.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

* மூச்சு வாங்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால்
* ஒரு நிமிடத்தில் 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால்
* பால், தண்ணீர் குடிக்காமல் துவண்டு கிடந்தால், சிறுநீர் குறைந்தால்
* 3 மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு காய்ச்சல் வந்தால்
* பெரியவர்களுக்கு மூச்சுத்திணறல், நெஞ்சு வலி வந்தால், 10 நாளைத் தாண்டியும் குறையாவிட்டால்

சந்தேகம் என்றால் 104-க்கு போன் செய்து ஆலோசனை கேட்கலாம். மூச்சுத்திணறல் என்றால் கசாயம் காய்ச்சி நேரத்தைக் கடத்தாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.